கன்னையா யார்?

கிள்ளானில் நாங்கள் போகும் கிளினிக்கில் என் அட்டையை ஒரு தடவைகூட உடனே எடுத்ததில்லை. சீதாலெட்சுமி என்ற என் பேரை பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் எழுதிவைத்த புண்ணியவான்கள் நல்லாயிருக்கட்டும். கிளினிக்கிலோ என் அப்பா பேரில் அடுக்கிவிடுவார்கள். ஒருநாள் மூன்று மணி நேரம் பெஞ்சைத் தேய்த்துவிட்டு வந்து வீட்டில் கத்தினேன். அதைக் கேட்டுத்தான் என் மகள் வள்ளியம்மா, எழுத்து எப்படி மாறியிருந்தாலும் ஆளைக் கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றை எழுதினாள். பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். மற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகுதான் அவளுக்குக் கிடைக்கும்.

மாவட்ட அறிவியல் போட்டியில் அதற்கு இரண்டாம் இடம். சிலாங்கூர் போட்டியில் முதலிடம். 1987 மார்ச்சில் கோலாலம்பூரில் தேசியப் போட்டி. அங்கே ஜொஹான், அதாவது முதல் பரிசு வாங்கினால் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்க இடம் உண்டு. வாங்காவிட்டால்? ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை முடித்தவளை எத்தனை நாள் வீட்டில் வைத்திருப்பது? தெலுக் பங்லிமா காராங் ஃபாக்டரி ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று விண்ணப்பப் பாரம் வாங்கி, நானே நிரப்பி, அவளுக்குத் தெரியாமல் கைப்பையில் வைத்திருந்தேன். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். பெற்ற தாய் செய்கிற வேலையா இது என்று எனக்கே என்மேல் ஆத்திரம்.

மண்டபத்தில் போட்டியாளர்கள் முன்வரிசையில். நானும் என் வீட்டுக்காரரும் கடைசியில். மூன்றாம் பரிசு யாருக்கோ போனது. இரண்டாவதும் போனது.

"ஜொஹான், கன்னையா!" என்றார் அதிகாரி.

யாரும் எழவில்லை. என் மகளும் யார் அந்தக் கன்னையா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று கைப்பையை இறுக்கிக்கொண்டேன். அதிகாரி இன்னொரு முறை கூப்பிட்டார். ஆள் வரவில்லையா என்று மலாயில் கேட்டுவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ குனிந்து பேசினார்.

"சாயா, துவான்!"

என் பக்கத்தில்தான் அந்தச் சத்தம். துறைமுகத்தில் லோரி வரிசையில் பேரைக் கூப்பிட்டால் 'நான்தான் ஐயா' என்று குரல் கொடுத்தே பழகிய என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். மண்டபமே சிரித்தது.

"என்னங்க, உக்காருங்க! மானம் போகுது!" சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"என் பேரத்தானே கூப்பிடறாங்க?" என்று விறுவிறுவென்று மேடைக்கே போய்விட்டார். "கன்னையா நான்தான். புரோகிராம் எழுதுனது என் மக," என்று மலாயில் சொன்னார்.

அதிகாரி விண்ணப்பத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார். 'வள்ளியம்மா, கன்னையாவின் மகள்' என்று முழுசாகத்தான் இருந்தது. பட்டியலை டைப் அடித்தவர் கடைசிச் சொல்லைக் குடும்பப் பேரென்று நினைத்து, அதை மட்டும் அடித்திருக்கிறார். ஊரார் பேரையெல்லாம் கண்டுபிடிக்கப் புரோகிராம் எழுதியவளுக்குத் தன் அப்பா பேரே தெரியவில்லை பாருங்கள்! புருஷன் பேரை வாயால் சொல்லியே பழகாத எனக்கும் அது உறைக்கவில்லை. மேடையேறி அப்பாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. கைப்பையை மடியில் போட்டுவிட்டுக் கைதட்டினேன்.

திரும்பும் பஸ்ஸில் அவள் கோப்பையை மடியில் வைத்துத் தூங்கிவிட்டாள் என்று நினைத்து, அந்தப் பாரத்தை எடுத்துச் சத்தமில்லாமல் கிழித்தேன்.

"நல்லா கிழிங்கம்மா," என்றாள் கண்ணைத் திறக்காமல். "அதுல என் பேரு ஸ்பெல்லிங்கே தப்பு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படி பார்த்த?"

"நேத்தே பார்த்துட்டேன்லா. பேனா தேடறப்ப."

நேற்றே பார்த்தவள், இன்று காலை நான் சுட்ட தோசையை ஒன்றும் சொல்லாமல் தின்றுவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பஸ் ஏறியிருக்கிறாள். அவள் கையைப் பிடித்தேன். கிள்ளான் வரும்வரை விடவில்லை.