நோன்பு மாதத்து நாக்கு

அலுவிகாரையில், பெரிய வீதியோரம் அப்துல் ஸமத் முதலாளிக்கு ஒரு தூள் மில் இருக்கிறது. மல்லி, சீரகம், மிளகு எல்லாம் அங்கே வறுத்து அரைத்துப் பையில் போட்டு விற்கிறார்கள். வறுக்கிறவள் மார்கிரட். பதம் சொல்கிறவர் முதலாளி. ஒவ்வொரு முறை அரைத்து இறக்கியதும் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்ப்பார். அவர் தலையாட்டினால்தான் தூள் பைக்குள் போகும். நோன்பு மாதத்தில் பகலில் அவரால் அது முடியாது. அந்த மாதம் மார்கிரட்டின் நாக்குத்தான் மில்லின் நாக்கு.

பாவம், அவளுக்கும் வயது ஏறிவிட்டது. யட்டவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும். சட்டிக்கு முன்னால் நின்று நின்று வலது தோள்வலி இரவில் அவளைப் படுக்க விடுவதில்லை. வீட்டிலேயே ஆறுதலாக வறுத்து, சொந்தப் பேரில் தூள் போட்டு, யட்டவத்தை சந்தையில் விற்க வேண்டும் என்று போன வருடமே நினைத்துவிட்டாள். ஆனால் அரைக்க மில் வேண்டுமே. மற்ற மில்காரர் எல்லாரும் முதலாளிக்குச் சொந்தம், இல்லாவிட்டால் சிநேகிதம். அவர் முகம் சுளித்தால் எவரும் அவளுக்கு அரைத்துக் கொடுக்கமாட்டார்கள். கேட்க வாயெடுத்த போதெல்லாம் அவர் "பாப்பம், பாப்பம்" என்று எழுந்து போய்விட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. முதலாளிக்கு நோன்பு, மார்கிரட்டுக்குத் தவக்காலம். பள்ளிவாசலுக்குப் போய்த் திரும்பிய முதலாளி கதிரையில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அவளுக்கும் களைப்பு. பயப்படக்கூடத் தெம்பில்லை. வீட்டில் வறுத்து அம்மியில் அரைத்த தூளைச் சின்னப் பொட்டலமாக மேசையில் வைத்தாள்.

"முதலாளி, நான் சொந்தமா தூள் போடலாம்னு இருக்கேன். வறுத்து எடுத்துட்டு வாறேன், நீங்க அரைச்சுக் குடுத்தா போதும்."

அவர் கண்ணைத் திறந்து பொட்டலத்தைப் பார்த்தார். முகர்ந்தார்.

"இப்ப நாக்குல வெக்க ஏலாதே. நோம்பு தொறக்கும் வரைக்கும் இரி."

இருந்தால் வழக்கமான பஸ் போய்விடும். இருந்தாள்.

பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழத்தைக் கடித்துத் தண்ணீர் குடித்தவர், கஞ்சியைத் தொடுவதற்கு முன் பொட்டலத்தைப் பிரித்தார். நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு இன்னொரு சிட்டிகை எடுத்தார்.

"எங்கட தூள்தான். ஆனா வேற என்னமோ ஒன்னு ஈக்கிது."

"ரம்பை இலை முதலாளி. நெழல்ல காயவச்சு, கடைசியாப் போட்டது."

"இத்தன நாளா எனக்கு ஏன் போடல்ல?"

"நீங்க கேக்கலியே."

அவர் சிரித்துவிட்டார். பிறகு தன் கஞ்சிக் கோப்பைக்குப் பக்கத்தில் மூடியிருந்த தூக்குச் சட்டியை அவள் பக்கம் தள்ளினார். வெள்ளிக்கிழமை அவள் இறைச்சி தொடமாட்டாள் என்று, வீட்டில் சொல்லி அவளுக்கென்று இறைச்சி போடாமல் கஞ்சி காய்ச்சி வைத்திருந்தாராம். மார்கிரட் அதன் முன்னால் உட்கார்ந்தாள்.

"அரைச்சித் தாறன்," என்றார். "ஒன்ட பேர்லயே போட்டு வில்லு. நான் வாணாம்னு சொன்னா நீ இங்க வேலைக்கு நிப்பியா, நிண்டாலும் சும்மா மொகத்தத் தூக்கிட்டுத்தான் நிப்பாய். ஆனா அடுத்த நோம்புக்கு ஆரு எனக்கு ருசி பாக்குற?"

"நான் வந்துருவேன் முதலாளி. நோம்பு மாசம் முழுக்க இங்கதான் நிப்பேன்."

யோசிக்காமல் வந்த வார்த்தை. அவர் தலையாட்டினார், நல்ல தூளுக்கு ஆட்டுவது போலவே.

யட்டவத்தை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் தூக்குச் சட்டி இன்னும் சூடாக இருந்தது. பஸ் வளைவுகளில் ஏறத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தூள் அதிகம் விற்பதே நோன்பு மாதத்தில்தான். சந்தையில் நாலு காசு பார்க்கக்கூடிய அந்த மாதத்தையா தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்?

திரும்பிப் போய் மாற்றிச் சொல்லலாம். நாளைக்கும் அதே மில், அதே கதிரை, அதே மனிதர். ஆனால் அந்த இறைச்சி போடாத கஞ்சிக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னதை எந்த வாயால் மாற்றுவது?

மற்ற மாதங்கள் தன்னுடையவை. தோளை ஜன்னல் கம்பியில் சாய்த்துக்கொண்டாள். வலித்தது. நிமிர்ந்து உட்காரவும் சோம்பலாக இருந்தது. தூக்குச் சட்டி கவிழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே கண்ணை மூடினாள்.