ஒரே விசிறியின் கீழ்

"மூணே மாசம்தான். அதுக்குள்ள பட்டியல் வந்துடும். வந்த அன்னைக்கே உன்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கறேன்."

"நீ மறந்துட்டேன்னா?"

"மறக்கறதுக்கு நீ என்ன குடையா, ஃபெர்ரில விட்டுட்டு இறங்கிப் போக?"

அன்று லுப்னா சிரித்துவிட்டாள். மாஹிர், மாலேக்கும் எதிர்த் தீவான வில்லிங்கிலிக்கும் இடையே ஃபெர்ரி ஓட்டுகிறவன். மழைக்காலத்தில் அவன் படகில் பயணிகள் விட்டுப்போகிற குடைகளை ஒரு கடையே வைத்து விற்கலாம். அந்தச் சிரிப்போடுதான் இருவரும் நீதிமன்றத்துக்குப் போகச் சம்மதித்தார்கள்.

யோசனை அவளுடையதுதான். அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் யாரோ சொன்னதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அரசாங்கம் கட்டும் அடுக்குமாடி வீடுகளுக்கு மனுப் போட்டால், பிள்ளையில்லாத தம்பதிக்கு மதிப்பெண் குறைவு. தனியாக நிற்கிற, விவாகரத்தான பெண்ணுக்கு அதிகம். காகிதத்தில் பிரிந்து, பட்டியலில் பெயர் வந்ததும் சேர்ந்துகொண்டால் போயிற்று. மாலேயில் அதே ஆளை மறுபடி கட்டிக்கொள்வதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"எங்கம்மாவே எங்கப்பாவை ரெண்டு தடவை கட்டிக்கிட்டவங்க," என்றான் மாஹிர். "ரெண்டாவது கல்யாணத்துக்கு நான்தான் எல்லாருக்கும் தண்ணி ஊத்தினேன்."

அவளுக்கு அந்த வீட்டின் மேல் அவ்வளவு ஆசை. லாமு தீவுகளிலிருந்து இந்தத் தலைநகருக்கு வந்து ஒன்பது வருஷம். அதில் ஆறு வருஷம் மாஹிரோடு. எல்லாமே வாடகை அறைகள். இப்போது இருக்கும் வீட்டின் பெயர் ஃபினிவைகே, குளிர்காற்று இல்லம். அவர்கள் அறைக்கு ஜன்னலே கிடையாது. சமையலறை மூன்று குடும்பத்துக்குப் பொது. பிள்ளை பெற்றுக்கொள்வதைக்கூட, சொந்தமாக ஒரு கதவு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டிருந்தார்கள்.

நீதிமன்றத்தில் நடந்ததுதான் அவள் மனத்தில் முள்ளாகத் தங்கிவிட்டது. நீதிபதி கேட்டதும் மாஹிர் தலாக் என்ற அந்த வார்த்தையைப் பளிச்சென்று சொல்லிவிட்டான். ஒரு திக்கல் இல்லை, ஒரு செருமல் இல்லை. நாடகம்தான், அவளுக்கும் தெரியும். இருந்தாலும் நாக்கு ஓர் இடத்திலாவது தடுமாறியிருக்கக் கூடாதா? வெளியே வந்ததும் தேநீர்க் கடையில் இரண்டு மீன் உருண்டை வேறு வாங்கித் தின்றான். அவள் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரிந்தது நிஜம்தானா என்று அரசாங்கத்திலிருந்து விசாரிக்க ஆள் வரலாம் என்பதற்காக அறையை இரண்டாக்கினார்கள். படகுத் துறையிலிருந்து ஒட்டுப்பலகை கொண்டுவந்து மாஹிரே நடுவில் தடுப்பு அடித்தான். கதவோரப் பாதி அவனுக்கு, உள்பாதி அவளுக்கு. கூரையில் இருந்தது ஒரே மின்விசிறி. அதனால் தடுப்பை அதற்கு ஒரு முழம் கீழேயே நிறுத்த வேண்டியதாயிற்று. விசிறி இரண்டு பாதிக்கும் சுற்றியது. அதைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் அவள் பக்கச் சுவரில் இருந்தது.

அவளுக்கு ஐந்தில் வைத்தால்தான் தூக்கம் வரும். அவனுக்கு இரண்டுக்கு மேல் போனால் மூக்கடைக்கும். ஆறு வருஷம் ஒரே கட்டிலில் சண்டை போட்டுச் சண்டை போட்டு மூன்றில் வந்து நின்றிருந்தார்கள். இப்போது அவன் வாய் திறந்து கேட்பதில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு முறை இருமுவான். அவள் எழுந்து குறைப்பாள். அவன் காலையில் ரொட்டி பிய்க்கும் சத்தம் கேட்கும், தட்டு வைக்கும் சத்தம் கேட்கும். வாளை மீன் பொரித்தால் பாதியைத் தட்டில் மூடிப் பொதுச் சமையலறையில் அவளுக்காக விட்டுப்போவான். அதைத் தன் பாதியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவாள். ஒரே அறையில் இருந்துகொண்டு ஒரு மனிதனுக்காக ஏங்க முடியும் என்று அவளுக்கு யாராவது முன்னமே சொல்லியிருக்கலாம்.

தடுப்பு அடித்த முதல் நாளிலிருந்தே ஒரு வாக்கியம் அவள் தொண்டையில் இருந்தது. கேட்கத்தான் வாய் வரவில்லை. யோசனை அவளுடையது. வீட்டுக்காக அவனை நீதிமன்றம் வரைக்கும் இழுத்தவள் அவள். கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் அவன். அவனாகக் கூப்பிட்டால்தானே அது கூப்பிடுவது?

பதினோராவது வாரம் பட்டியல் வந்தது. அவள் பெயர் இல்லை.

அன்று சாயங்காலம் இருவரும் தடுப்பின் ஓரத்தில் நின்றார்கள்.

"அடுத்த பட்டியல் எப்போ?" என்றான் மாஹிர்.

"ஒரு வருஷம் ஆகுமாம். இப்பவே சேர்ந்துட்டா மனுவ முதல்லேர்ந்து போடணுமாம்."

"ஓ." அவன் பலகையின் விளிம்பை விரலால் தடவினான். "என்ன பண்ணலாம்?"

"நீ சொல்லு."

"வீடு வேணும்னு இருந்தவ நீதானே. நீ சொல்லு."

அவள் தன் பாதிக்குத் திரும்பிப் போனாள். மறுநாளிலிருந்து மாஹிர் அவளுக்கு அறை தேட ஆரம்பித்தான்.

அறை தேடித்தான் ஆக வேண்டும். தலாக்குக்குப் பின் பெண் காத்திருக்க வேண்டிய மூன்று மாத இத்தா வியாழக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் அழைத்துக்கொண்டால் மனைவி, தாண்டிவிட்டால் அந்நியப் பெண். வீட்டுக்காரி ஸனிய்யா படிக்கட்டில் அவளை நிறுத்தி, கையில் இருந்த பாக்கை நறுக்கிக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"வெள்ளிக்கிழமையிலேர்ந்து அவன் உனக்கு வேத்து ஆம்பளை. ஒரே கூரைக்குக் கீழ என் வீட்டுல முடியாது, கண்ணு. பலகை கிலகைன்னு எங்கிட்டக் கதை விடாதே. பலகைக்கு மேலதான் ஒரு மனுஷன் நுழையற அளவுக்குத் திறந்து கிடக்கே."

"அங்க விசிறி இருக்கு, அக்கா."

"ஆசை வந்தா விசிறியெல்லாம் ஒரு தடையா?"

லுப்னாவும் கடை முடிந்து தெருத் தெருவாக அலைந்தாள். மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். கண்ணாடி போட்டு மூடிய பால்கனி ஒன்று; அதற்கு அவள் சம்பளத்தில் முக்கால் பங்கு. தனிப் பெண்ணா, வேண்டாம் என்று சாத்தப்பட்ட கதவுகள் நாலைந்து. ஒரு வீட்டில் நல்ல கட்டில், நல்ல மெத்தை, வாடகையும் மலிவு. அவள் ஆச்சரியத்தோடு மெத்தையை அமுக்கிப் பார்த்தாள்.

"பகல்ல இதுல ஒரு நர்ஸ் தூங்கறா. அவ டூட்டிக்குப் போனதும் கட்டில் உங்களுது," என்றாள் அந்த வீட்டுப் பெண். "போர்வை மட்டும் நீங்க கொண்டு வந்துடுங்க."

முகம் தெரியாத ஒருத்தி படுத்த சூட்டில் படுத்து எழுவதை நினைத்துக்கொண்டே லுப்னா கீழே இறங்கினாள். தெருவில் மோட்டார் சைக்கிள்கள் நெருக்கியடித்து நின்றிருந்தன. எத்தனை ஜன்னல்கள், எத்தனை விளக்குகள். இத்தனை பேர் எங்கேயோ படுத்துத் தூங்கிக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

புதன்கிழமை மத்தியானம் மாஹிர் கடைக்கே வந்து நின்றான்.

"கிடைச்சிடுச்சு. வில்லிங்கிலில. உன் சம்பளத்துக்குள்ள அடங்கும். வந்து பாரு."

அவன் குரலில் இருந்த உற்சாகம் அவளைச் சுட்டது. "கடலுக்கு அந்தப் பக்கமா?"

"பத்து நிமிஷம்தானே."

ஃபெர்ரியில் கூட்டம் இல்லை. மாஹிர் சுக்கான் பிடித்தான். அவள் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்து அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கயிறு பிடிக்கும் ஷிஃபாஸ் அவளருகில் வந்து தலையைச் சொறிந்தான்.

"எப்படிக் கூப்பிடறதுன்னே தெரியல. அண்ணியா, முன்னாள் அண்ணியா?"

"நாளைக்கு வரைக்கும் அண்ணிதான்," என்றாள் லுப்னா.

"வெள்ளிக்கிழமையிலேர்ந்து டிக்கெட் கேட்பேன், பாத்துக்கோங்க."

"வாயை மூடிட்டுக் கயித்தைப் பிடிடா," என்றான் மாஹிர் திரும்பாமலே.

கரையில் படகை ஷிஃபாஸிடம் ஒப்படைத்துவிட்டு, அடுத்த நடை கிளம்பும்போது ஹாரன் அடிக்கச் சொல்லிவிட்டு நடந்தான். அறை துறைக்குப் பக்கத்திலேயே, ஒரு தச்சுப் பட்டறையின் மாடியில். சாவி அவனிடமே இருந்தது. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

கதவைத் திறந்ததும் சோப்பு வாசனை வந்தது. தரை கழுவியிருந்தது. சுவரில் துணிக்கொடிக்கு ஆணி அடித்துக் கயிறும் கட்டியாயிற்று. மூலையில் ஒற்றைக் கட்டில். கூரையில் புதிய விசிறி. இறக்கைகளின் மேல் பிளாஸ்டிக் உறைகூட முழுதாக உரியவில்லை.

"எல்லாம் தயாராத்தான் வெச்சிருக்கே," என்றாள்.

"கடைசி நேரத்துல நீ அலையக் கூடாதுல்ல."

அவன் குமிழைத் திருகினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று தாண்டி ஐந்தில் கொண்டுபோய் நிறுத்தினான். காற்று முகத்தில் அறைந்தது. உரியாத பிளாஸ்டிக் படபடவென்று அடித்தது.

"உனக்குப் பிடிச்ச மாதிரி," என்றான். "இங்க யாரும் இரும மாட்டாங்க."

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, முழுக்க அவளுக்கே ஓர் அறை. இங்கே ராத்திரி ஐந்தில் விசிறி வைத்துப் படுத்தால், பலகைக்கு அந்தப் பக்கம் என்று ஒரு பக்கமே இருக்காது.

"மாலேல அறையே கிடைக்கலையா?"

"கிடைச்சுது. ரெண்டு."

"அப்புறம் ஏன் இது?"

மாஹிர் ஜன்னலிடம் போனான். மரம் உப்பிக் கிடந்ததை இழைத்து வைத்திருக்கிறான் போல, தள்ளியதும் திறந்துகொண்டது. "அதுலேர்ந்தெல்லாம் கடல் தெரியல."

"எனக்கு எதுக்குக் கடல்? லாமுல பொறந்தவ நான். பாத்தது போதாதா?"

"உனக்கில்ல." அவன் தாழ்ப்பாளை மேலும் கீழும் தேவையில்லாமல் அசைத்துக்கொண்டிருந்தான். "படகுலேர்ந்து பாத்தா இந்த ஜன்னல் தெரியுது. ஒரு நாளைக்கு இருபது இருபத்திரண்டு நடை வர்றேன். விளக்கு எரியுதான்னு தெரியும். துணி காயுதான்னு தெரியும்."

லுப்னா எழுந்து ஜன்னலருகில் வந்தாள். கீழே துறை, துறையில் அவன் படகு, படகில் ஷிஃபாஸ் வாளியால் தளத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். அதற்கு அப்பால் மாலே, நீரிலிருந்து நேராக முளைத்தது போலக் கட்டடம் கட்டடமாக.

அவள் கேட்க நினைத்தது இதுவல்ல. ஆனால் இதுதான் முதலில் வந்தது.

"கோர்ட்டுல ஏன் அப்படித் தடுமாறாம சொன்னே?"

அவன் அவளைப் பார்த்தான். இதையா இத்தனை நாளும் வைத்திருந்தாய் என்பது போலப் பார்த்தான்.

"சொல்லிப் பழகிக்கவும் முடியாதே. சும்மா சொன்னாக்கூட ஆயிடும், அது அப்படிப்பட்ட வார்த்தை. நடுவுல நிறுத்தினா முடிக்க மாட்டேன்னு தெரியும். முடிக்கலைன்னா உனக்கு வீடு போயிடும். அதான் கண்ணை மூடிட்டு ஒரே மூச்சுல சொல்லிட்டேன்."

"அப்புறம் ரெண்டு மீன் உருண்டை தின்னியே."

"கை நடுங்கிச்சு. எதையாவது பிடிச்சுக்க வேணாமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவாள் என்று தோன்றியது. இரண்டையும் செய்யாமல் நின்றாள்.

துறையிலிருந்து ஹாரன் ஒலித்தது. ஒரு நீளம், ஒரு குட்டை. ஷிஃபாஸ் இந்த ஜன்னலைப் பார்த்துக் கையாட்டினான்.

"நான் போகணும்," என்றான் மாஹிர். சாவியை ஜன்னல் கட்டையில் வைத்தான். "சாமானை நாளைக்கு நானே படகுல ஏத்திக் கொண்டாந்துடறேன். ஒரு வருஷம்தான், லுப்னா. அடுத்த பட்டியல்ல நிச்சயம் வரும். தனி அடுப்பங்கரை. ஜன்னல். நீ சொன்ன மாதிரியே."

அவன் கதவை நோக்கி நடந்தான். அந்த அடுப்பங்கரையை அவள் எத்தனையோ தடவை மனத்தில் கழுவித் துடைத்திருக்கிறாள். ஜன்னலுக்கு என்ன நிறத் திரை என்பதுகூட முடிவாகியிருந்தது. அதையெல்லாம் ஒரு தடவை, கடைசியாக, நின்று பார்த்தாள்.

பிறகு சுவரிடம் போய் விசிறியை நிறுத்தினாள். இறக்கைகள் மெல்ல மெல்ல ஓய்ந்தன. பிளாஸ்டிக்கின் படபடப்பும் அடங்கிற்று. அந்த அமைதியில் மாஹிர் வாசலில் நின்று திரும்பினான். பழக்கத்தில் தான் இருமியதால்தான் அவள் விசிறியை நிறுத்தினாளோ என்று அவனுக்கே சந்தேகம் வந்தது போலிருந்தது அவன் முகம்.

"மாஹிர்."

"ம்?"

"சாமானை ஏத்த வேணாம். நாளைக்குக் காலைல முதல் நடையை ஷிஃபாஸ்கிட்ட விட்டுட்டு என்கூட கோர்ட்டுக்கு வா. எனக்கு அந்த வீடு வேணாம். என்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கோ."