பின்சீட்டு விளக்கு

நஞ்சுண்டனுக்கு உக்கடத்தில் தேங்காய் மண்டி. 1999 தை மாதம், பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து விடுகிற இஞ்செக்‌ஷன் கார் ஒன்றைப் புதிதாக வாங்கினார். வாங்கிய வாரமே காந்திபுரத்தில் கார் எலக்ட்ரீஷியன் அமிர்தராஜிடம் கொண்டுபோய், ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு வரிசை குட்டி விளக்குகளைப் பொருத்திக்கொண்டார். எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகம் போனால் சிவப்பு, அளவாகப் போனால் மஞ்சள், குறைவாகப் போனால் பச்சை.

அந்த விளக்குகளுக்குச் சேதி சொல்வது சைலன்சர் குழாயில் இருக்கிற ஆக்சிஜன் சென்சார். புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்று பார்த்து, மெல்லிய வயர் வழியாகக் காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அதைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். அமிர்தராஜ் அந்த வயரைச் சுரண்டி, அதிலிருந்து இன்னொரு வயர் இழுத்திருந்தார். ஒரு வரிசைவரை ஒன்றும் ஆகவில்லை. விளக்குகள் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டே இருந்தன.

பின்சீட்டில் உட்காருகிற சொந்தக்காரர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று, அங்கேயும் ஒரு வரிசை பெரிய விளக்கு கேட்டார் நஞ்சுண்டன். சென்சார் தருவது ஒரு வோல்ட்டுகூட இல்லை, அதே வயரில் இன்னும் இழுத்தால் சிக்னல் இறங்கிப்போகும், பெட்ரோல் குறைவு என்று நினைத்துக் கம்ப்யூட்டர் கூட்டிக்கொண்டே போகும், தனி சர்க்யூட் வரவழைத்துத் தருகிறேன் என்று அமிர்தராஜ் சொல்லிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை திருப்பூர்ப் பங்காளிகள் வருவதாக இருந்தது. இப்போதே போடு என்றுவிட்டார்.

அன்றிலிருந்து விளக்கு ஓடவில்லை. முன்னாலும் பின்னாலும் பச்சையிலேயே நின்றது. வண்டி பெட்ரோலே குடிப்பதில்லை என்று மண்டி முழுக்கச் சொன்னார் நஞ்சுண்டன். டேங்க் மட்டும் சீக்கிரம் காலியானது. பங்க்காரன் அளவில் ஏமாற்றுகிறான் என்று வேறு பங்க்குக்கு மாறினார்.

மாசியில் குலதெய்வம் கோயில் பொங்கல். கிணத்துக்கடவு தாண்டி உள்ளே போக வேண்டும். மனைவி சாமியாத்தாள் முந்தின நாளே பஸ்ஸில் போய்விட்டாள். மறுநாள் காலை நஞ்சுண்டன் கார் ஓட்ட, பக்கத்தில் சாமியாத்தாளின் அண்ணன் பாலுசாமி. பின்சீட்டில் ஆறு வயது மகள் நித்யஸ்ரீ.

பாலுசாமி பெரியநாயக்கன்பாளையத்தில் தண்ணீர் பம்ப் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் பார்க்கிறவர். ஈச்சனாரி தாண்டும்போதே அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. கிணத்துக்கடவு வருவதற்குள் நித்யஸ்ரீ செருப்போடு காலைத் தூக்கிச் சீட்டில் வைத்துக்கொண்டாள். கீழே சுடுகிறது என்றாள். பாலுசாமி திரும்பிக் கையை வைத்துப் பார்த்தார். கால்மிதிக்கு அடியில் தகரம் தோசைக்கல் மாதிரி இருந்தது. எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய் அங்கே எரிகிறது என்று அவருக்குப் பட்டது.

“மாப்ள, கொஞ்சம் ஓரங்கட்டுங்க. அந்தப் பின்னாடி வெளக்கு வயரைக் கழட்டிப்போட்டுப் பாக்கலாம்.”

“பச்சை எரியறது கண்ணுக்குத் தெரியலீங்களா மச்சான்?”

“புள்ளைக்குக் காலு சுடுதுங்கறா. அவளையாச்சும் எறக்கி உடுங்க. நாங்க பஸ்ல வாரோம்.”

நஞ்சுண்டன் சிரித்தார். “எம்புள்ளையப் புதுக் கார்ல இருந்து எறக்கி டவுன் பஸ்ல ஏத்தோணுமா? நீங்க மோட்டாருக்குச் சுத்தற காயிலைப் பாத்துக்குங்க. காரை நான் பாத்துக்கறேன்.”

தங்கச்சி புருசனிடம் அதற்கு மேல் பேசி பாலுசாமிக்குப் பழக்கமில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

மெயின் ரோட்டை விட்டு இறங்கியதும் ரோடு முழுக்கக் கொள்ளு காயப் போட்டிருந்தார்கள். போகிற வண்டிகள் ஏறி மிதித்தால் மணி உதிரும், ஆள் வைத்து அடிக்க வேண்டியதில்லை. காய்ந்த கொடி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. கார் அதன்மேல் ஊர்ந்து போனது. அடியில் கொடி உரசுகிற சத்தம் விடாமல் கேட்டது. தாண்டி வெறும் ரோட்டுக்கு வந்தபோது, முக்காட்டுத் துணியோடு ஒரு பெண் ஓடி வந்தாள்.

“ஏனுங்க, உங்க காரு நல்ல பாரமா இருக்குதுங்க. அப்படியே பின்னால எடுத்து இன்னொருக்கா ஏத்திப்போட்டுப் போங்க சாமி.”

கேட்டால் இல்லை என்று சொல்கிறவர் அல்ல நஞ்சுண்டன். அதற்கென்னங்க என்று கியரை மாற்றினார். பின்னால் பார்த்துச் சொல்கிறேன் என்று பாலுசாமி இறங்கினார். நஞ்சுண்டன் தலையை வெளியே நீட்டி, எத்தனை மூட்டை வரும், யார் தோட்டம் என்று அந்தப் பெண்ணிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். பாலுசாமி இடப்பக்கப் பின்கதவைத் திறந்து, பேசாதே என்று சைகை காட்டி நித்யஸ்ரீயைத் தூக்கினார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். ரோட்டோரம் பத்தடி தள்ளி, அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு, வரலாம் என்று கையைக் காட்டினார்.

நஞ்சுண்டன் வெளியே நீட்டிய தலையை உள்ளே இழுக்காமலே காரைப் பின்னால் எடுத்தார். எஞ்சின் உறுமியது. கொள்ளின் நடுவுக்குப் போய் நின்று, மறுபடி முன்னால் கிளம்பப் பார்த்தது. கொடி சக்கரத்தில் சுற்றிக்கொண்டதால் நகரவில்லை. நஞ்சுண்டன் ஆக்சிலேட்டரை அழுத்தினார்.

முதலில் வெள்ளைப் புகை வந்தது. புழுதி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிறகு காருக்கு அடியில் மஞ்சளாக ஏதோ நக்கியது. காய்ந்த கொள்ளு படபடவென்று வெடித்துப் பிடித்தது. பின்சீட்டுக்கு நேர் கீழே.

நஞ்சுண்டன் குதித்து ஓடி வந்தார். நாலு எட்டு வந்தவர் அப்படியே நின்றார். திரும்பினார்.

“நித்யா!”

கொழுந்துக்குள் புகுந்து பின்கதவுப் பிடியைப் பிடித்தார். பாலுசாமி கத்தினார். புள்ளை இங்கே இருக்கிறாள் என்று திரும்பத் திரும்பக் கத்தினார். எரிகிற சத்தத்தில் எதுவும் போய்ச் சேரவில்லை. குழந்தையை அந்தப் பெண்ணிடம் தள்ளிவிட்டு ஓடினார். அதற்குள் நஞ்சுண்டன் கதவைத் திறந்து, புகைக்குள் இடுப்புவரை நுழைந்து, சீட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பாலுசாமி வேட்டியைப் பிடித்து இழுத்தார். வேட்டி கையோடு வந்தது. மறுபடி இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்து, ரோட்டோர மண்ணில் போட்டுப் புரட்டினார்.

நஞ்சுண்டன் எழுந்து உட்கார்ந்தபோது எதிரில் நித்யஸ்ரீ நின்றிருந்தாள். உடம்பில் ஒரு பொட்டுக் காயம் இல்லை. அவர் இரண்டு கையையும் அவளை நோக்கி நீட்டினார். உள்ளங்கைத் தோல் கழன்று தொங்கியது. அவள் பின்னால் நகர்ந்து பாலுசாமியின் காலைக் கட்டிக்கொண்டாள்.

“எப்ப எறக்குனீங்க?” என்றார்.

“பின்னால எடுக்கறதுக்கு முன்னாடி.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க மச்சான்.”

“சொன்னா எறக்க உட்டிருப்பீங்களா?”

நஞ்சுண்டன் நீட்டிய கைகளை மடக்க முடியாமல் அப்படியே வைத்திருந்தார். பின்னால் தீ கொள்ளு முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது.