மௌனப் பாதையில் ஒரு விசில்

மனித குலம் ஆதிநாள் தொட்டுத் தேடிவரும் அமைதி அனைத்தும் இந்த வாசலில்தான் தொடங்குகிறது. கருங்கல்லில் அப்படித்தான் வெட்டி வைத்திருந்தார்கள். அமைதி தொடங்கும் அந்த வாசலின் கதவு இரண்டு உதை வாங்கினால்தான் திறக்கும். திறக்கும்போது அது போடுகிற கூச்சலில் மரத்திலிருக்கும் காக்கைகள் எல்லாம் ஒருமுறை எழுந்து உட்காரும். கண்டக்டரம்மா முதல் உதையிலேயே திறந்துவிட்டாள். அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டாள்.

மூங்கிலுக்கென்றே உள்ள நாற்றுப்பண்ணை அது. கறுப்பு, மஞ்சள், கோடு போட்டது, இடுப்பளவே வளர்வது, தூண் தடிமனுக்குப் போவது என்று ஊரில் இல்லாத ரகமெல்லாம் அங்கே இருந்தன. நடுவே நடந்து பார்க்கப் பாதைகள். பண்ணைக்காரர் முன்பு குளியலறை டைல்ஸ் வியாபாரம் செய்தவர். இப்போது தொளதொளவென்று வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சை இழுத்து விட்டுப் பேசுகிறார். முதலாளி என்றால் பிடிக்காது. நிறுவனர் என்று கூப்பிட வேண்டும். பாதைகளுக்கு அவரே பெயர் வைத்திருந்தார்: மௌனப் பாதை, துறவுப் பாதை, மீளும் பாதை. மீளும் பாதையில் போனவர்கள் சாப்பாட்டு நேரத்துக்குள் மீண்டதாகச் சரித்திரம் இல்லை. பசியோடும் கோபத்தோடும் வெளியே வருகிறவன் செடி வாங்குவானா? அதனால்தான் வழிகாட்டி தேடினார். வந்த வழிகாட்டிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

"கூட்டம் சிதறாம உள்ள போகணும், சிதறாம வெளிய வரணும். நாலு செடியாவது விக்கணும். இன்னிக்கு ஒரு நாள் பாப்போம்" என்று நிறுவனர் சொல்லியிருந்தார். இதை மட்டும் மூச்சு விடாமல் சொன்னார்.

கண்டக்டரம்மாவுக்கு இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். பஸ் வாசலில் சீட்டு கொடுக்க மெஷின் வைத்ததோடு அவள் உத்தியோகம் போயிற்று. "அம்மா, இனிமே நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றான் மகன். ரெஸ்ட் என்றால் என்னவென்று ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது. பார்சல் வந்தால் கையெழுத்துப் போடுவது, கேஸ் வந்தால் கதவைத் திறப்பது, வாஷிங் மெஷின் ரிப்பேருக்கு ஆள் வந்தால் அவன் போகும்வரை பக்கத்தில் நிற்பது. செத்துப்போன புருஷனின் தங்கை, அவளுடைய நாத்தனார், இதை ஒரே வரியில் சொல்லிவிட்டாள்: "நல்லதுதானே அண்ணி, வீட்டுக்கு ஒரு பூட்டு மாதிரி." அன்றைக்குத்தான் கண்டக்டரம்மா வேலை தேட ஆரம்பித்தாள்.

இன்று அந்த நாத்தனாரே டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள், தலையில் வெயிலுக்குத் துண்டு, கையில் தண்ணீர் பாட்டில். "அண்ணி எப்படி சமாளிக்கறீங்கன்னு பாக்கத்தான் வந்தேன். ஆதரவுக்கு ஒரு ஆள் வேணாமா?" முகத்தில் ஆதரவு துளிகூட இல்லை.

அவளைத் தவிர, புதுவீடு கட்டிய ஒரு தம்பதி, தொப்பி போட்ட ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் நண்பர் கூட்டம். கடைசியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிறுவனர், பரீட்சை ஹாலில் சுற்றுகிறவர் மாதிரி.

நிறுவனர் எழுதிக் கொடுத்ததைக் கண்டக்டரம்மா மனப்பாடம் செய்திருந்தாள். குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தாள். "அன்பர்களே, மூங்கிலின் உள்ளே இருப்பது வெறுமை. நம் உள்ளே இருப்பதும் அந்த வெறுமையே."

"காலையில சாப்பிடாம வந்தா அப்படித்தான் இருக்கும்" என்றாள் நாத்தனார். யாரோ சிரித்தார்கள்.

"ஒரு நிமிஷம்மா." பேராசிரியர் தொப்பியைச் சரிசெய்தார். "மூங்கில் ஒரு புல். மரமே இல்லை. இதைச் சொல்லாமல் ஆரம்பிப்பது முறையில்லை." நண்பர்கள் தலையாட்டினார்கள். அவர் அங்கேயே நின்று புல் இனத்தைப் பற்றி ஒரு பாடம் எடுக்கத் தொடங்க, கண்டக்டரம்மா வெறுமையின் இரண்டாம் பத்தியைத் தேடித் தடுமாற, தம்பதி போட்டோ எடுக்க ஒரு பக்கம் நழுவ, நாத்தனார் இன்னொரு பக்கம் வெடுக்கென்று திரும்ப, பாதை பிரிகிற முதல் முக்கிலேயே கூட்டம் பிசிறு பிசிறாகப் போய்விட்டது. நிறுவனர் மூச்சை இழுத்தார். விடவில்லை.

கண்டக்டரம்மாவின் கண்ணுக்கு முன்னால் வீட்டு வாசல்தான் தெரிந்தது. பார்சல்காரன் பேனாவை நீட்டுகிறான். அவ்வளவுதான், அடிவயிற்றிலிருந்து அந்தக் குரல் தானாகக் கிளம்பியது.

"யாரது வழியில நிக்கறது? முன்னாடி எவ்ளோ எடம் காலியா கெடக்கு! உள்ள போங்க, உள்ள போங்க!"

மூங்கில் தோப்பு முழுக்க அது எதிரொலித்தது. அந்தக் குரலுக்குக் காலம் காலமாகக் கட்டுப்பட்ட ஜனம். யோசிக்காமல் எல்லோரும் ரெண்டடி உள்ளே நகர்ந்தார்கள். பேராசிரியர் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு நகர்ந்தார். போட்டோ எடுக்கப் போனவர்கள் ஓடிவந்து ஒட்டிக்கொண்டார்கள். நிறுவனரும் நகர்ந்துவிட்டு, ஏன் நகர்ந்தோம் என்று திருதிருவென்று விழித்தார்.

கண்டக்டரம்மா இடுப்பிலிருந்து விசிலை எடுத்தாள். பழக்க தோஷம், எப்போதும் அங்கே இருக்கும். ஒரு ஊது ஊதினாள். "போலாம் ரைட்!"

மௌனப் பாதையில் வண்டி கிளம்பிவிட்டது.

கண்டக்டரின் இடம் பின்பக்கம். அவள் பின்னால் போய் நின்றுகொண்டாள். முன்னால் நாத்தனார்; எந்தக் கூட்டத்திலும் முன்னால் நிற்கிறவள், பாதை பிரியும் இடத்தில் கொஞ்சமும் யோசிக்காமல் ஒரு பக்கம் திரும்புவாள், மற்றவர்கள் பின்னால் போவார்கள். ஒவ்வொரு ரகம் வரும்போதும் பின்னாலிருந்து விசில். "கறுப்பு மூங்கில், கறுப்பு மூங்கில்! பாக்கறவங்க பாத்துக்கங்க. குருத்துல பச்சையாத்தான் இருக்கும், அப்புறம்தான் கறுக்கும். வெயில்ல அலைஞ்ச நம்ம மாதிரி." பலகையில் எழுதியிருந்ததைத்தான் சொன்னாள், கடைசி வாக்கியத்தைத் தவிர. "மஞ்சள் மூங்கில் வருது, இடது பக்கம்! தலையை வெளிய நீட்டாதீங்க."

"இதுவும் புல்தான்" என்றார் பேராசிரியர், விடாமல்.

"புல்லுதான் சார், யாரு இல்லைங்கறா? மேயவா வந்தோம்? நடங்க."

நண்பர்கள் முதல் முறையாக அவருக்கு எதிராகச் சிரித்தார்கள். அவர் முகம் சுருங்குவதைப் பார்த்ததும் கண்டக்டரம்மா விசிலை நீட்டினாள். "சார், நீங்க விவரம் தெரிஞ்சவங்க. கடைசி ஆள் வந்துட்டாங்களான்னு பாத்து ரைட் குடுங்க." பேராசிரியர் அதைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு வாயில் வைத்தார். அதற்கப்புறம் புல்லைப் பற்றிப் பேச அவர் வாய்க்கு ஓய்வில்லை.

தோப்பின் நட்டநடுவில் அது நின்றது. தனியாக, நெட்டுக்குத்தாக, பச்சைப் பசேலென்று, உச்சி தெரியாமல் இலைகளுக்குள் போய் மறைந்தது. கிளையில்லை, கணுவில்லை, பெயர்ப்பலகையும் இல்லை. பேராசிரியர் விசிலை எடுத்துவிட்டு, "இது என்ன ரகம்?" என்றார்.

கண்டக்டரம்மா பக்கத்தில் போய்த் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. நகம் பட்ட இடத்தில் பச்சை பெயர்ந்து, கீழே துரு தெரிந்தது. மோட்டாரிலிருந்து மேலே தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற இரும்புக் குழாய். விரலால் அந்த இடத்தை மூடிக்கொண்டு அவள் வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து நிறுவனரின் குரல் வந்தது.

"அது... அபூர்வமானது." மூச்சை இழுத்துவிட்டார். "நீண்ட காலம்... காத்திருந்து... கொண்டுவந்தேன்."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். டிக்கெட் எடுக்காதவன், செக்கர் ஏறியதும் ஜன்னல் வழியாக ரொம்ப அக்கறையாக வெளியே பார்ப்பானே, அந்த முகம். மனுஷனுக்குத் தன் தோட்டத்தில் எது செடி, எது குழாய் என்று தெரியாது. இப்போதுதான் அது அவருக்கே தெரிந்துகொண்டிருந்தது. அவள் விரல் எதை மூடியிருக்கிறது என்பதை அவரும் பார்த்துவிட்டார்.

உண்மையைச் சொன்னால் கூட்டம் சிரித்து உருளும். அப்புறம் செடியும் விற்காது, வேலையும் கிடையாது. நாத்தனார் முன்னாலிருந்து கழுத்தை நீட்டிக் காத்திருந்தாள்.

"சார் சொல்றது சரிதான்" என்றாள் கண்டக்டரம்மா. "தோப்புல இது ஒண்ணுதான் இப்படி. விக்கறதுக்கு இல்ல. வேணும்னா கை வச்சுப் பாருங்க."

எல்லோரும் வரிசையாக வந்து கை வைத்தார்கள். தம்பதி கண்ணை மூடிக்கொண்டார்கள். பேராசிரியர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் காதை வைத்தார். அவர் கண்கள் விரிந்தன. "உள்ளே... நீர் ஏறுகிற சத்தம் கேட்கிறது!"

"இந்த நேரத்துக்கு ஏறும் சார்" என்றாள் கண்டக்டரம்மா.

நிறுவனர் முதல் முறையாக இயல்பாக மூச்சு விட்டார்.

விற்பனைக் கொட்டகைக்குக் கூட்டம் மொத்தமாக, ஒரு ஆள் குறையாமல், பேராசிரியரின் நீண்ட விசிலோடு வந்து நின்றது. அங்கே கண்டக்டரம்மா ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். யார் எங்கே இறங்குவார்கள் என்று ஏறும்போதே சொல்லிவிடுகிறவள். "பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னல் உங்க பெட்ரூமுக்கு நேரா இருக்கு, இல்ல?" என்று தம்பதியிடம் கேட்டாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடர்த்தியான ரகமாக ஒரு வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு போனார்கள். பேராசிரியர் கறுப்பு மூங்கில் கன்று ஒன்றைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டார். நாத்தனார் இருப்பதிலேயே சின்னத் தொட்டியைத் தேர்ந்தெடுத்து, "எங்க அண்ணி வேலை பாக்கற எடம் இது, கொறச்சுப் போடுங்க" என்று கல்லாவில் இருந்தவனோடு மல்லுக்கட்டினாள். கண்டக்டரம்மாவின் காதில் அது பாட்டாக விழுந்தது.

"நாளைக்கே வந்துடுங்கம்மா" என்றார் நிறுவனர். ஒரு தயக்கம். "அந்த... அபூர்வத்தைப் பத்தி..."

"எதைப் பத்தி சார்?"

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

போன் அடித்தது. மகன். "அம்மா, பார்சல்காரன் வந்து, வீட்ல யாருமில்லன்னு திரும்பிப் போய்ட்டானாம்!"

"போகட்டும்டா. நாளைக்கும் வந்தா நாளைக்கும் திரும்பித்தான் போவான். எனக்கு டியூட்டி."

எல்லோரும் போன பிறகு, சட்டப்படி தன்னுடையதாகிவிட்ட ராஜ்ஜியத்தை ஒரு சுற்று சுற்றிவரலாம் என்று தனியாக உள்ளே நடந்தாள். மாலை வெயில் மூங்கில்களுக்கு நடுவே பட்டை பட்டையாக விழுந்தது. காற்றுக்குத் தண்டுகள் ஒன்றோடொன்று உரசி, நிறைந்த பஸ் திரும்பும்போது ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி முனகின. தலை நிமிர்ந்து, கையை வீசி, யாரும் இல்லாத பாதைக்கு இரண்டு தடவை ரைட் கொடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச தூரத்தில் பாதை மூன்றாகப் பிரிந்தது. மூன்றும் ஒரே மாதிரி பச்சையாக இருந்தன. அங்கே நின்றாள். வந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். அதுவும் அதே மாதிரிதான் இருந்தது.

போனை எடுத்து நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"என்ன அண்ணி, இப்பத்தானே பாத்தோம்? பஸ்ல இருக்கேன்."

"ஒண்ணுமில்லம்மா, சும்மாதான். செடி பத்திரமா இருக்கா?"

"மடியிலதான் வச்சிருக்கேன்."

"சரி, சரி." மூன்று பாதைகளையும் இன்னொரு முறை பார்த்தாள். "நாளைக்கு உனக்கு ஏதாவது வேலை இருக்கா?"

கூட்டத்தை உள்ளே கொண்டுபோய் வெளியே கொண்டுவந்தது நாத்தனார்தான். கண்டக்டரம்மாவுக்கு வழி தெரியாது.