விற்காத வீட்டுக்கு எதிரே ஒரு கார்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. டிராமன் நகரப் பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் குட்ரூன், ஆசிரியர் அறையில் காப்பி ஆறிப்போகச் சொன்னது. சொல்லிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்திவிட்டாள். மிச்சத்தை நானே எழுதிவிடலாம் என்ற தைரியத்தில் உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "குட்ரூனின் கணவன் ஸ்டெய்னார் ஒரு அவசரக்காரன். இருக்கும் வீட்டை விற்காமலே புது வீட்டை ஏலத்தில் எடுத்த..."

இல்லை. அடித்துவிட்டேன்.

2

அது பொய். (கணவனை முட்டாளாக்கினால் கதை சுலபமாக ஓடும்.) இங்கே வீடுகள் ஏலத்தில்தான் கைமாறும்; ஏலத்தன்று ஸ்டெய்னார், "போதும், விட்டுடு. முதல்ல நம்ம வீட்டை வித்துக்கலாம்" என்றுதான் சொன்னான். குட்ரூன்தான் கேட்கவில்லை. புது வீட்டில், ஆற்றைப் பார்த்த சமையலறைச் சன்னலில் ஒரு தடவை நின்றுவிட்டாள், அதோடு போயிற்று. "நம்ம வீடு ஒரே வாரத்துல போயிடும் பாரேன்" என்று தொகையை ஏற்றிக்கொண்டே போனாள்.

கோடை முடிந்து நவம்பர் வந்தது. வீடு போகவில்லை. இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத் தவணை கேட்டு வங்கி கைநீட்டியது.

3

ஆட்கள் வீடு பார்க்க வரும் ஞாயிறுகளில் சொந்தக்காரர்கள் உள்ளே இருக்கக்கூடாது. தரகர் விபேக்கேயின் கட்டளை. அதனால் இருவரும் எதிர்ச்சாரியில் காருக்குள் உட்கார்ந்து, மழையினூடே தங்கள் வீடு இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தையே நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"குடையோட ஒருத்தர் உள்ள போறாரு!" என்றாள் குட்ரூன்.

"அது மூணாவது மாடி பியார்னே. நாயை நடத்திட்டு வர்றான்."

"வீட்டைக் காட்டிப் பாப்போமா?"

"யாருக்கு, நாய்க்கா?"

சிரித்தார்கள். சிரிப்பு நின்றதும் அவள் அவனை ஓரக்கண்ணால் பார்த்தாள். இத்தனை மாதத்தில் 'நீதானே செஞ்சே' என்று ஸ்டெய்னார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. (வங்கியைவிட அவளைப் பயமுறுத்தியது அதுதான். இதை என்னிடம் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.)

4

ஒரு இளம் தம்பதி உள்ளே போனார்கள். படுக்கையறைச் சன்னல் திறந்தது. அந்தப் பெண் தலையை நீட்டித் தெருவைப் பார்த்தாள். குட்ரூன் சட்டென்று இருக்கைக்குக் கீழே குனிந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஸ்டெய்னாரின் போன் அடித்தது. விபேக்கே.

"அந்த ஜோடி விலை கேட்டிருக்காங்க. ஆனா ரொம்பக் கம்மி. நாளைக்கு மதியம் வரைக்கும் டைம் இருக்கு, யோசிங்க."

தொகையைக் கேட்டதும் ஸ்டெய்னார் கண்ணை மூடிக்கொண்டான். தாங்கள் அந்த வீட்டை வாங்கிய விலைகூட இல்லை.

"காத்திருப்போம் குட்ரூன். வேற யாராவது..."

"யாரு? யாரு வரப்போறாங்க?"

போனைப் பிடுங்கினாள். "சரின்னு சொல்லிடுங்க விபேக்கே. இப்பவே எழுதித் தர்றோம்."

வீடு விற்றது. அது நடந்தது. இட்டுக்கட்ட அதில் எனக்கு வேலையில்லை.

5

இந்த முறையும் தானே முடிவெடுத்துவிட்டோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"கோவமா?" என்றாள்.

குட்ரூன் நிறுத்தியது இங்கேதான். பள்ளி மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டாள்.

மூன்று பதில் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன் அவள் கையைப் பிடிக்கிறான். (மழையில், காருக்குள், கை. யாருக்கும் எழுத வரும்.) இன்னொன்றில் அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டுகிறான். மூன்றாவதில் "இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பு... அதை முடிக்க எனக்கே பயமாக இருந்தது.

மறுநாள் கேட்டேன். "ஸ்டெய்னார் என்னதான் சொன்னாரு?"

"புது வீட்டுக்கு எப்ப வர்றே?" என்றாள்.

அதனால் அவன் என்ன சொன்னான் என்று நீங்களே சொல்லுங்கள். ஆனால் ஸ்டெய்னாராக இருந்து சொல்லாதீர்கள். பக்கத்து இருக்கையில், போனைக் கையில் இறுக்கியபடி, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவளாக இருந்து கேளுங்கள். இதோ, தொண்டையைச் செருமுகிறான்.