பெரிய ஊசிக்கு ஒரு சின்ன ஊசி

இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலைமறியலில் வழியெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் பாண்டிச்சேரிக்கு பஸ் இல்லை. வெல்லம் காய்ச்சும் அய்யனாருக்கு ரத்தம் கெட்டிப்படும் நோய். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் அவ்வப்போது அதிகப்படி ரத்தத்தை வெளியே எடுத்துவிட்டு வருவார். இன்று தலைவலி தாங்காமல், மனைவி தனபாக்கியம் கள்ளக்குறிச்சியிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தாள். டாக்டர் ஒரு பை ரத்தம் எடுக்கச் சொன்னார்.

ரத்தப் பையின் ஊசியைப் பார்த்ததும் அய்யனார் கட்டிலைவிட்டு எழுந்தார்.

"இன்னா சிஸ்டர், பாண்டிச்சேரில குத்தற அதே கோணி ஊசிதான் இங்கியுமா? சின்னதா போடுங்க. இல்லன்னா வூட்டுக்குப் போறேன்."

"போயி இன்னா பண்ணப்போறீங்க? தலைய புடிச்சிக்கினு குந்திக்கினு இருக்கவா?" என்றாள் தனபாக்கியம்.

நர்ஸ் மரகதம் அவசரப்படவில்லை. "சின்ன ஊசின்னா உங்க ரத்தம் பாதியிலயே அடைச்சிக்கும். மறுபடி குத்தணும். வெல்லப்பாகை சின்ன ஓட்டைல வடிப்பீங்களா?"

"மாட்டேன். ஆனா வலிக்குமே."

"அதுக்குத்தான் சின்னதும் எடுத்து வெச்சிருக்கேன்."

மெல்லிய ஊசியால் மரத்துப்போகும் மருந்தை முதலில் போட்டாள். சற்றுப் பொறுத்து, "இப்ப பெருசு" என்று சொல்லிவிட்டுத்தான் குத்தினாள். அய்யனார் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

"இன்னும் குத்தலியா சிஸ்டர்?"

"பாதி பை ரொம்பிட்டுதுங்க."

அவர் கண்ணைத் திறந்து பையையே பார்த்தார். பிறகு மனைவியிடம் திரும்பினார்.

"அடுத்த வாட்டி பஸ் ஓடினாலும் இங்கியே வந்துடலாம்."