வாலுவின் வலது கை

தலைகீழாக நின்றாலும் ஆள் சேரவில்லை என்று மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். நான் நிஜமாகவே தலைகீழாக நின்றுகொண்டிருந்தேன், ஆள் சேரவில்லை. மாடியில் ஒரு வாடகை அறை. யோகா கற்றுக்கொள்ள ஆறேழு பெண்கள் வருவார்கள், அதிலும் இருவர் கடைசியில் படுக்கச் சொல்வதற்காகவே வருகிறவர்கள்.

தங்கைதான் பிடிவாதமாக நின்றாள். "நோட்டீஸ் ஒட்டின காலம் மலையேறிப் போச்சுக்கா. ஒரு பேஜ் ஆரம்பி. தினம் காலையில லைவ் போடு. ஊர் உலகமே பாக்கும்."

"ஊர் உலகம் பாத்து எனக்கு என்ன ஆகப்போகுது?"

"ஊரை விடு. அவ பாப்பால்ல?"

அவள் என்றது என் மகளை. விவாகரத்து வழக்கில், நிலையான வருமானம் உள்ளவரிடம் குழந்தை இருக்கட்டும் என்று தீர்ப்பானது. ஆறு வயதில் அவளை அவள் அப்பா கடல் தாண்டிக் கூட்டிப் போனார். போன் செய்தால், "உன் குரலைக் கேட்டா அழறா. இப்பதான் புது ஸ்கூல்ல பழகுறா. கொஞ்ச நாள் போகட்டும்" என்பார். கொஞ்ச நாளாம். பாவி மனுஷனின் அந்தக் கொஞ்ச நாள் வருஷக்கணக்கில் நீண்டது. அதனால்தான் பேஜுக்குத் தலையாட்டினேன். தொழில் வளர்வது அப்புறம், என் மகள் எங்கிருந்தாவது என்னைப் பார்க்க வேண்டும்.

கவிழ்த்த வாளியின் மேல் போனை நிறுத்தி ஆரம்பித்தோம். திட்டுத்தான் முதலில் வந்தது. எதிரே நின்று யோகா சொல்லிக்கொடுப்பவர் வாயால் "வலது கை" என்று சொல்லி, இடது கையைத் தூக்க வேண்டும். பார்ப்பவருக்குக் கண்ணாடி பார்ப்பதுபோல அப்போதுதான் சரியாக வரும். இது தெரியாத மகான்கள், "வலது இடது தெரியாதவங்க எல்லாம் டீச்சர்" என்று எழுதினார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் பதிலுக்கு எகிறப் போனால் தங்கை போனைப் பிடுங்கிக்கொள்வாள்.

"திட்டட்டும் விடுக்கா. திட்டத் திட்டத்தான் நாலு பேருக்குப் போய்ச் சேரும்."

அந்தத் திட்டுகளுக்கு நடுவில் ஒருநாள் ஒரு கமெண்ட் வந்தது. 'டீச்சர், எனக்கு வலது இடது மாறி மாறிப் போகுது. கொஞ்சம் மெதுவா சொல்லுங்க.' கணக்கின் பெயர், வாலு.

அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். மகளை நான் கூப்பிட்ட பெயர் அது. அவள் செய்த சேட்டைக்கு வேறு எந்தப் பெயரும் ஒட்டாது. வகுப்பில் அவள் எதிரே நிற்க மாட்டாள், என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டுதான் நிற்பாள். என் வாய் 'வலது' என்னும், என் இடது கை மேலே போகும், அதைப் பார்த்து அவளும் தூக்குவாள். அப்படியே இடது கைதான் வலது கை என்று படிந்துபோயிற்று. பள்ளியில் திருத்தினால், "எங்கம்மாதான் டீச்சர், உங்களுக்குத் தெரியாது" என்று அவர்களிடமே சண்டை பிடிப்பாள்.

அன்று முதல் அவளுக்காகவே நடத்தினேன். பூனை மாதிரி, தவளை மாதிரி, குழந்தைக்குப் பிடித்த ஆசனங்கள். ஒவ்வொன்றையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டு, "வாலு, வந்துச்சா?" என்று கேட்பேன். 'வந்துச்சு டீச்சர்' என்று பதில் வரும். அந்த 'டீச்சர்' சுருக்கென்று குத்தும். அவள் அப்பா பக்கத்தில் இருப்பார், பயந்து எழுதுகிறாள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

"நேராவே கேட்டுடேன்க்கா," என்றாள் தங்கை.

"கேட்டா மிரண்டு ஓடிடுவா. நீ வாயை மூடிட்டு இரு."

நிதானமாகச் சொல்லித்தரும் டீச்சர் என்று பேர் பரவிவிட்டது. முட்டி வலிக்காரர்கள், பிள்ளைகள், பயந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். மாடி அறை போதாமல் பெரிய கூடத்துக்கு மாறினோம்.

அந்தக் கூடத்தில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு அம்மாள் உள்ளே வந்தார். என்னைவிட மூத்தவர். கையில் அவரே தைத்த பாய் உறை.

"தையல் கடை வெச்சிருக்கேன் டீச்சர். தலையில ரத்தம் உறைஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தேன். அப்புறம் வலது எது இடது எதுன்னே தெரியல, வெட்டின துணியெல்லாம் வீணாப்போச்சு. நீங்கதான் தினமும் என்னைக் கேட்டுக் கேட்டுச் சொல்லிக்கொடுத்தீங்க."

"நான் உங்களைக் கேட்டேனா?"

"வாலு நான்தான் டீச்சர். சொந்தப் பேர் போட வெக்கமா இருந்துச்சு. எங்க வீட்டு நாய் பேரைப் போட்டுட்டேன்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். உறையை வாங்கிக்கொண்டு, நல்லா இருங்க என்று சொல்லி வாசல்வரை போய் வழியனுப்பினேன். திரும்பி வந்து பாய்க் குவியலில் முகத்தைப் புதைத்து அழுதேன். என்ன பாவம் செய்தேன் என்று தெரியவில்லை, ஒரு நாயின் பெயரை, நான் பெற்ற மகளாக நினைத்துக் கொஞ்சியிருக்கிறேன்.

வெட்கம் மானம் எல்லாவற்றையும் விட்டு அவள் அப்பாவுக்குச் செய்தி அனுப்பினேன். 'அவகிட்ட போனைக் குடுக்க வேணாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவ என் வீடியோ எதையாவது பாத்திருக்காளா?'

மறுநாள் காலை லைவுக்கு உட்காரும்போது பதில் வந்தது. 'ஒரு தடவை நானே காட்டினேன். முழுசா பாத்தா. இவங்க என்ன பேசுறாங்கன்னு கேட்டா. அவளுக்குத் தமிழ் மறந்துபோச்சு.'

குடையை மறந்துவிட்டு வருவதுபோல எழுதியிருந்தார். மடியில் வைத்து, என் உதட்டைத் தொட்டுப் பார்க்க விட்டு, ஒவ்வொரு சொல்லாக நான் கொடுத்த பேச்சு அது. போனைத் தங்கையிடம் நீட்டினேன். அவள் படித்துவிட்டு, "இன்னிக்கு வேணாம்க்கா" என்றாள்.

"முழுசா பாத்தாளாம். போடு," என்றேன்.

லைவ் ஓட ஆரம்பித்தது. நான் வணக்கம் சொல்லவில்லை. வலது என்றோ இடது என்றோ, மூச்சை இழு என்றோ விடு என்றோ எதுவும் சொல்லவில்லை. எந்த மொழிக் குழந்தைக்கும் புரிகிற மாதிரி, மெதுவாகக் கையைத் தூக்கினேன்.

'டீச்சர், சத்தம் வரல' என்று ஒருவர் எழுதினார். 'மைக்கைப் பாருங்க டீச்சர்' என்றார் இன்னொருவர். தங்கை போனுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் அடுத்த கையைத் தூக்கினேன்.